ராகிக் கொல்லையில் நான் வரைந்த அறை

கட்டடக்கலைப் படிப்பின் கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பெரிய வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்து, அரை வருடம் அதிலேயே கிடக்க வேண்டும். என் வகுப்பில் ஒருவன் விமான நிலையம் என்றான். ஒருத்தி அருங்காட்சியகம் என்றாள். கடலையே பார்த்திராத ஒருவன் துறைமுகம் எடுத்தான். நான் மட்டும் எதையும் சொல்லாமல் முழித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தலைப்பு கொடுத்தது அப்பாதான். அவர் ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கல்யாணத்துக்கு முன்பே தெற்கிலிருந்து வேலை தேடி வந்தவர். பேச்சு மட்டும் இன்னும் ஓசூருக்கு மாறவில்லை. அவருடைய லைனில் சானமாவுக் காட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளியாக வந்துகொண்டிருந்தார். அறுவடை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு ஒரு பை ராகி கொடுத்தனுப்புவார். எங்களுக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

"அந்தப் பய மெஷின் முன்னாடி நின்னுகிட்டே தூங்குதான்," என்றார் அப்பா ஒருநாள் சாப்பிடும்போது. "வையவும் மனசு வரல. இவன் நைட் ஷிப்டுக்கு வந்தா, பொண்டாட்டி தனியா பரண்ல ஏறி காவலுக்கு உக்காந்திருக்கா. இவன் இங்க போனையே பாத்துகிட்டு நிக்கான். பகல் ஷிப்டுன்னா ராத்திரி பூரா பரண்ல முழிச்சுட்டு, இங்க வந்து தூங்குதான்."

"யானையா?"

"பின்ன? ராகி விளைஞ்சா வாசம் பிடிச்சு வந்துருதுல்லா." கையைக் கழுவிவிட்டு வந்தவர், "நீ கட்டடம் கட்டத்தான படிக்க? அங்க ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாயேன்," என்றார். பெரிதாக யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

என்னோடு என் தோழியும் வந்தாள். அவள் காவேரிப்பட்டினத்துக்காரி. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்குக் கடைவீதியில் சிமெண்ட், கம்பி, பெயிண்ட் விற்கும் கடை. படிப்புக்காக ஓசூரில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தாள். எங்கள் கல்லூரி கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கு அப்பால் இருந்தது. ஐந்து வருடமும் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். நெரிசலில் அட்டையில் செய்த கட்டட மாடல் நசுங்காமலிருக்க, ஒருத்தி உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்வாள், மற்றவள் குறுக்கே கையை நீட்டி அரண்போல நிற்பாள். கையால் வரைவதில் அவளைப்போல யாரும் இல்லை. படிப்பு முடிந்ததும் இருவரும் சேர்ந்து ஓசூரில் ஓர் ஆபீஸ் போடுவதென்று முதல் வருடமே பேசி வைத்திருந்தோம். போர்டில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பதில்தான் தகராறு.

நாங்கள் போன அன்று அந்தக் கிராமத்துத் தார்ரோட்டில் ராகித் தாளைப் பரப்பியிருந்தார்கள். லாரியும் காரும் அதன் மேலேயே ஏறிப்போயின. போகிற வண்டிகள் கூலியில்லாமல் போரடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தன. புடவைக்கு மேல் கம்பெனியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் விளக்குமாற்றால் தானியத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். சட்டைப் பையில் அப்பா வேலை செய்யும் கம்பெனியின் முத்திரை இருந்ததால் அந்தத் தொழிலாளியின் மனைவி இவர்தான் என்று தெரிந்தது. அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அக்கா.

"நீங்க ரெண்டு பேரும் கெவர்மெண்டா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, காலேஜ். உங்க வீட்டுக்காரர் வேலை செய்யற லைன்ல எங்கப்பாதான் சூப்பர்வைசர்."

"ஓ, சார் பொண்ணா!" முகம் மலர்ந்தது. "காலேஜ்ல ஊடு கட்டக் கத்துக் குடுக்கறாங்களா?"

"வரையறதுக்குக் கத்துக் குடுக்கறாங்கக்கா."

"அப்ப கட்டறது யாரு?"

தோழி சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ரோட்டிலிருந்து உள்ளே நடந்தால் அவர்களுடைய கொல்லை. மானாவாரி நிலத்துக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். அதற்கு அந்தப்பக்கம் ஒரு பள்ளம், பள்ளத்தைத் தாண்டினால் காடு. கொல்லை நடுவில் ஒரு புளியமரம். இரண்டு கிளைகளுக்கு நடுவே மூங்கிலைக் கட்டி, மேலே யாருடைய கல்யாணத்துக்கோ அடித்த ஃப்ளெக்ஸைக் கூரையாகப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் பொண்ணும் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏறுவதற்கு, மரத்தில் அடித்த கட்டைகள். நான் ஏறிப்பார்த்தேன். ஏறுவதுகூடப் பரவாயில்லை, இறங்கும்போது கால் கட்டையைத் தேடித் தேடித் தடவியது.

"உங்களுக்கு இங்க எது இருந்தா நல்லா இருக்கும்கா?" என்று தோழி கேட்டாள். கல்லூரியில் அப்படித்தான் கேட்கச் சொல்லியிருந்தார்கள்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "ராகி கீழ பத்திரமா இருக்கணும். நான் மேல இருக்கணும். அவ்ளோதான்." பிறகு எங்கள் பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுக்கு வந்தா எறங்கவும் முடியாது பாப்பா. விடியற வரைக்கும் அடக்கிக்கினே உக்காந்திருப்பேன். ஆம்பளைங்க மேலருந்தே போயிடுவாங்கொ. நான் இன்னா பண்ணுவேன்?"

அன்று மாலையே தோழி ஒரு தாளில் கோட்டுப்படம் போட்டுவிட்டாள். கீழே கனத்த கல்சுவரில் ஓர் அறை. வெளிச்சத்துக்குத் துதிக்கை நுழையாத அளவுக்கு மெல்லிய இடைவெளிகள். நாலு மூலையிலும் கருங்கல் தூண்கள், அவற்றின் மேல் கற்பலகைத் தளம். அந்தத் தளத்தில் இடுப்புயரச் சுவரும் ஓடும் போட்ட காவல் இடம், ஓரத்தில் சின்னக் கழிப்பறை. படிக்கட்டை நான் உள்ளே கொண்டுவந்தேன். பொழுது சாய்வதற்குள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டால், பிறகு எதற்கும் வெளியே கால் வைக்க வேண்டாம். எந்தக் கோட்டை அவள் போட்டாள், எதை நான் போட்டேன் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. நான் இதுவரை வரைந்ததிலேயே நல்ல வரைபடம் அதுதான்.

எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் அதைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். "அழகா இருக்கு. ஆனா இது ஒரு ரூம். கடைசி வருஷ புராஜெக்டுக்குக் குறைஞ்சபட்சம் இவ்வளவு பரப்பளவு வேணும்னு பல்கலைக்கழக விதி இருக்கே," என்றார். யானைகளைப் பற்றிய ஒரு விளக்க மையத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். நூலகம், ஆராய்ச்சியாளர் தங்கும் அறைகள், உணவகம், சுற்றுலாப் பேருந்துகள் நிற்க இடம். பேருந்து திரும்புவதற்கு எவ்வளவு வளைவு வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வரைந்தேன். ஜனவரியிலிருந்து மே வரைக்கும் அதிலேயே போயிற்று. ராகி அறை கடைசித் தாளில் ஒரு மூலைக்குப் போய்விட்டது. வெளியிலிருந்து மதிப்பிட வந்த கட்டடக்கலைஞர்கள் உணவகத்தின் கூரையைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்கள். நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த ஐந்து மாதங்களை நினைத்துத்தான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை. விதியை மாற்றும் இடத்தில் நான் இல்லை, தெரியும். ஆனாலும் அந்த மாதங்கள் கையில் இருந்திருந்தால் கதையே வேறு.

ஜூரி என்று நாங்கள் சொல்லும் அந்த மதிப்பீடு முடிந்த மறுநாள் பஸ்ஸில் தோழி சொன்னாள், "அந்த ரூமைக் கட்டிடலாம்டி."

"யாரு?"

"நாமதான். அக்கா கேட்டாங்கல்ல, கட்டறது யாருன்னு."

அவள் அப்படித்தான். வாயில் வந்துவிட்டால் கை உடனே காரியத்தில் இறங்கிவிடும். அந்த வாரமே அத்தாவிடம் பேசி, கடையிலிருந்து சிமெண்டும் கம்பியும் அனுப்ப வைத்தாள். கல்லுக்குக் கவலையில்லை. கிருஷ்ணகிரி ரோட்டில் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறைகளின் பின்னால் விரிசல் விட்டது, நிறம் மாறியது என்று ஒதுக்கிய கல் மலைபோலக் கிடக்கும். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவரிடம் கேட்டதற்கு, இடத்தைக் காலி செய்தால் போதும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அக்காவின் கணவர் ஊரில் ஒரு டிராக்டரைப் பிடித்தார். அவர் அதிகம் பேசாத ஆள். லீவு நாளில் கல் ஏற்றிவந்து இறக்கிவிட்டு, டிராக்டர் பக்கத்திலேயே நின்று கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நிலம் அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவில் இருந்தது. அண்ணன் பெங்களூரில் குடும்பத்தோடு இருந்தார். போனில் கேட்டபோது, "கட்டிக்கோங்க, நல்லதுதானே," என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் யாரும் எதுவும் யோசிக்கவில்லை.

மாங்காய் லாரிகள் ஓடத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொடியைத் தூவி, நானும் தோழியும் கயிறு பிடித்துத் தரையில் அறையின் அளவைக் குறித்தோம். தாளில் நகத்தின் அளவுகூட இல்லாத சுவர், மண்ணில் என் பாதத்தைவிட அகலமாகக் கிடந்தது. நான் அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் போய் நின்றேன். ஐந்து வருடத்தில் எத்தனையோ கட்டடங்கள் வரைந்திருந்தேன். ஒன்றுக்குள்ளும் இப்படி நின்றதில்லை. அக்கா முதல் கல்லுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார். பிறகு அவரும் உள்ளே வந்து நின்று சுற்றிப் பார்த்தார்.

"இதுதான் கதவா?"

"ஆமாக்கா."

"படி?"

"இந்த மூலையில. உள்ளயே."

கோட்டை மிதிக்காமல், கதவு வரப்போகும் இடத்தின் வழியாகவே வெளியே போனார். அதைப் பார்த்துத் தோழி என் கையைக் கிள்ளினாள்.

தூண்களை நிறுத்திய நாள் ஊரே கூடிவிட்டது. மூன்று மரங்களைக் கூம்பாகக் கட்டி, சங்கிலி போட்டு ஒவ்வொரு தூணாகத் தூக்கினார்கள். மேஸ்திரி கன்னடத்தில் கத்துவார், ஆட்கள் தெலுங்கில் பதில் சொல்வார்கள், அக்கா தமிழில் எங்களுக்குச் சொல்வார். நான்காவது தூண் குழிக்குள் இறங்கி நின்றபோது அக்காவின் கணவர் போய் அதைத் தோளால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "ஏனுகு வந்தாலும் அசையாது," என்றார், யானையைத் தெலுங்கில் சொல்லி. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சுவர் இடுப்பளவுக்கு வந்திருந்தபோது அண்ணன் வந்தார். வெள்ளைக் கார். கூடவே இன்னொருவர், வெயிலிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். இருவரும் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நாங்கள் நின்ற இடத்துக்கு வந்தார்கள்.

"நீங்கதான் ஆர்க்கிடெக்டாம்மா?" என்றார் அண்ணன், மரியாதையாகவே.

"இப்பத்தான் படிச்சு முடிச்சிருக்கோம் சார்."

"நல்லாத்தான் பண்றீங்க. ஆனா வேலைய நிறுத்திடுங்க." கண்ணாடிக்காரரைக் காட்டினார். "இவங்க லேஅவுட் போடறாங்க. இந்தப் பக்கம் மொத்தமா கேக்கறாங்க. நடுவுல இப்பிடி ஒரு கட்டடம் நின்னா சிக்கல்."

"போன்ல கேட்டதுக்கு சரின்னு சொன்னியே," என்றார் தம்பி. அதைச் சொல்லவே அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"அப்ப இது வரல. இப்ப வந்திருக்குது." அண்ணன் எங்களைப் பார்த்துச் சொன்னார், "தப்பா நெனைக்காதீங்கம்மா. எங்கப்பா இதே மரத்துல உக்காந்துதான் ஒடம்பக் கெடுத்துக்கினாரு. இன்னும் எத்தினி வருஷம் இதுங்களோட மல்லுக்கட்டறது? வித்துட்டுப் போனா இவங்களும் நிம்மதியா இருப்பாங்க."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியவில்லை. தோழிக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. "விக்கற வரைக்குமாவது இருக்கட்டுமே சார். இன்னும் கொஞ்ச நாள் வேலைதான். இந்த அறுவடைக்கு உதவும்."

"கையெழுத்து ரெண்டு பேருதும் வேணும்மா. நான் சம்மதிக்கலன்னா கட்ட முடியாது," என்றார் அண்ணன். குரல் உயரவேயில்லை.

மேஸ்திரி சாந்து பூசும் கரணையைக் கழுவி வைத்தார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காதான் எங்களிடம் வந்து, "வெயில்ல நிக்காதீங்க. களி கெளறி வெச்சிருக்கேன், சாப்ட்டுப் போங்க," என்றார். சாப்பிட்டோம். தோழி தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ரோட்டுக்கு வந்த பிறகு அழுதாள்.

விற்பனை உடனே நடக்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரர்கள் ஒத்துக்கொள்ளாமல் இழுத்துக்கொண்டே போயிற்று. ஆடியில் அக்கா வழக்கம்போல ராகி விதைத்தார். இடுப்புயரச் சுவருக்குள் ஆடுகளைக் கட்டினார்கள். நாங்கள் இரண்டு முறை பெங்களூருக்குப் போய் அண்ணனைப் பார்த்தோம். இரண்டு முறையும் காபி கொடுத்து, இன்னும் கொஞ்ச நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்று அனுப்பினார்.

அதற்குள் எங்களுக்கும் பிழைப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. ஓசூரில் தொழிற்சாலைக் கட்டடங்கள் வரையும் ஓர் ஆபீஸில் நான் சேர்ந்தேன். தோழி பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்தாள். எங்கள் சொந்த ஆபீஸை ஒரு வருடம் தள்ளி வைத்திருப்பதாகத்தான் அப்போது சொல்லிக்கொண்டோம்.

என் ஆபீஸில் கட்டடம் என்றால் ஷெட். தகரக் கூரை, இரும்புச் சட்டம், கிரேன் போக உயரம், லாரி திரும்ப இடம். எல்லாம் ஏற்கெனவே வரைந்து வைத்த கோப்பிலிருந்து எடுத்து நீளத்தை மாற்றினால் போதும். "புதுசா யோசிக்காதம்மா, டைம் இல்ல," என்பார் முதலாளி. நான் வரைந்து முதன்முதலாகக் கட்டி முடிந்தது ஒரு கம்பெனியின் டூவீலர் நிறுத்துமிடக் கூரை. அம்மாவைக் கூட்டிப்போய் வெளியிலிருந்தே காட்டினேன். "மழைக்கு நல்லா இருக்கும்," என்றாள் அம்மா. நான் வேலையை வெறுத்தேன் என்று சொல்ல மாட்டேன். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. ஆனால் ஒரு கோடு போடும்போது கை கொஞ்சம் தயங்குமே, இது சரியா என்று. அந்தத் தயக்கம் மெல்ல மெல்லப் போய்விட்டது. போனதை நான் கவனிக்கக்கூட இல்லை.

அந்த அறுவடைக் காலத்தில் ஒரு காலையில் அப்பா ஷிப்டிலிருந்து போன் செய்தார். "அந்தப் புள்ள பரண்ல இருந்து விழுந்துட்டாம்மா. ஓசூர் ஆஸ்பத்திரியிலதான் சேத்திருக்கு. போய்ப் பாரு."

அக்காவின் இடது கால் இடுப்பு வரைக்கும் கட்டுப்போட்டுக் கட்டிலில் நீட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். படுக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யானை ஒண்ணும் பண்ணல பாப்பா," என்று அவரே ஆரம்பித்தார். "அது பாட்டுக்கு ராகிப் போருகிட்ட நின்னு தின்னுக்கினு இருந்திச்சு. மூணு உருப்படி. வெடி தீந்துபோச்சு. அப்பறம் அதுங்க எறங்கிப் பள்ளத்துப் பக்கமா போயிடுச்சுங்க. நல்லா வெளுக்கறதுக்கு முன்ன எறங்கி, மிச்சம் இருக்கறத அள்ளலாம்னு கால வெச்சேன். பனி. கட்டை வழுக்கிடுச்சு."

"உங்க வீட்டுக்காரர் இல்லையாக்கா?"

"நைட் ஷிப்டு."

கொஞ்ச நேரம் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "அந்த ரூமுல நீ படி உள்ளதான வெச்சிருந்தே?"

"ஆமாக்கா."

"உள்ளாறவே எறங்கியிருப்பேன்."

குறை சொல்லவில்லை. யார்மீதும் கோபமில்லை. தண்ணீர் கேட்பதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னார். நான் சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தேன். உரித்த சுளைகளை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே தாழ்வாரத்துக்கு வந்து நின்றேன். எல்லாத் தாள்களிலும் அந்தப் படிகளை வரைந்தவள் நான். ஒவ்வொரு படிக்கும் எத்தனை உயரம், எத்தனை அகலம் என்று எனக்கு மனப்பாடம். அதில் ஒரு படிகூடக் கட்டப்படவில்லை.

தோழிக்குப் போன் செய்து சொன்னேன். எந்தக் கால், எப்போது விழுந்தார் என்று கேட்டுக்கொண்டாள். "மஸ்கட்ல ஒரு வேலை வந்திருக்கு," என்றாள் கடைசியில். "போகலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். போயிடறேன்டி." இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருந்திருப்பாளா, தெரியாது. விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனபோது இருவரும் நாங்கள் போட நினைத்த ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. இப்போது அங்கே ஹோட்டல்களின் உள்ளலங்காரம் செய்கிறாள். பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புவேன், பொங்கலுக்கு அவள் அனுப்புவாள். கையால் வரைகிறாயா என்று ஒருமுறை கேட்டேன். சிரிக்கும் பொம்மையை மட்டும் பதிலாகப் போட்டாள். அவளோடு ஒரே மேஜையில் இன்னும் ஒரு கட்டடம், ஒன்றே ஒன்று, வரைந்திருக்கலாம் என்று அடிக்கடி தோன்றும்.

அடுத்த வருடம் நிலம் கைமாறியது. பத்திரம் முடிந்த சில மாதங்களில் ஆபீஸ் வேலையாக அந்தப் பக்கம் போனேன். புளியமரம் இல்லை. வரிசையாக மஞ்சள் பெயிண்ட் அடித்த எல்லைக்கற்கள், நடுவே செம்மண் சாலை. எங்கள் தூண்களைப் பிடுங்கி, சாலையோர வாய்க்காலின் குறுக்கே பாலம்போலப் படுக்க வைத்திருந்தார்கள். நிலம் பார்க்க வந்த ஒரு குடும்பம் அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. நானும் அந்தக் கல்லை மிதித்துத்தான் மறுபக்கம் போக வேண்டியிருந்தது.

அக்கா குடும்பம் பங்குப் பணத்தில் ஓசூரில் சிப்காட் பக்கமாக ஒரு சின்ன மனை வாங்கியது. வீடு கட்டப் போகிறோம், பிளான் போட்டுத் தர வேண்டும் என்று அக்காவே போன் செய்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆபீஸ் முடிந்து வந்ததும் வரைவேன். அக்காவுக்கு முட்டி மடங்காது என்பதால் படிகளை உயரம் குறைத்துப் போட்டேன். சமையலறைக்குப் பின்னால் தானியம் காயவைக்கும் அளவுக்கு ஒரு திறந்த இடம் விட்டேன். மாடிக்குப் போகும் படிக்கட்டு வீட்டுக்குள்ளேயே, அகலமாக, பிடிச்சுவரோடு. கோடு போடும்போது கை தயங்கியது. தயங்கியதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

அந்த வீடு கட்டப்படவில்லை. வேறு வீடு கட்டப்பட்டது. கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டபோதுதான் பார்த்தேன். கீழே இரண்டு போர்ஷன், மேலே இரண்டு. படிக்கட்டு வெளியே, சுவரை ஒட்டிச் செங்குத்தாக இரும்பில். அக்காவின் கணவர் என் எதிரில் வந்து நின்று கையைப் பிசைந்தார். "மேஸ்திரிகிட்டயே ஒரு பிளான் இருந்திச்சும்மா. வாடகைக்கு விடறதுக்கு அதுதான் தோதுன்னு அண்ணனும் சொல்லிட்டாரு. உங்களுக்குச் சொல்லணும் சொல்லணும்னு..."

"பரவால்லண்ணா. வீடு நல்லா இருக்கு," என்றேன்.

அக்கா பட்டுப்புடவையில், காலை லேசாக இழுத்து நடந்துவந்து என் கையைப் பிடித்து ஒவ்வொரு அறையாகக் காட்டினார். மாடிப்படியருகே வந்ததும் நான் அதையே பார்ப்பதைக் கண்டுவிட்டார். "மேல எனக்கு இன்னா வேலை பாப்பா? வாடகைக்கு ஆள் பேசியாச்சு. ஒடிசாப் பசங்க, கம்பெனிக்குப் போறவங்க."

"உங்களுக்குப் பிடிச்சிருக்காக்கா?"

"பிடிக்காம?" கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "நெலத்த வித்ததுலருந்து ராத்திரி தூங்கறேன் பாப்பா. இந்த வருஷந்தான் மார்கழியில தூங்கியிருக்கேன். மொதல்ல ஒரு மாசம் முழிப்பு வந்துக்கினே இருந்திச்சு. எழுந்து உக்காந்து பாப்பேன், யானையும் இல்ல, ராகியும் இல்ல. மறுபடி படுத்துக்குவேன்." பிறகு அடுத்த அறையில் இலை போடுகிறவர்களைப் பார்த்துத் தெலுங்கில் என்னவோ குரல் கொடுத்தார். "கடையில வாங்கற ராகியில ஒரே கல்லு. அது ஒண்ணுதான்."

அண்ணன் சொன்னது நடந்துவிட்டது. அக்கா நிம்மதியாகத்தான் இருந்தார். நான் வரைந்த அறை அவருக்குக் கொடுக்க நினைத்ததும் அதைத்தான். அது வேறு வழியில் வந்து சேர்ந்துவிட்டது, அக்காவின் ஒரு காலை விலையாக வாங்கிக்கொண்டு. நான் யாருக்காக வருத்தப்படுகிறேன் என்று எனக்கே குழப்பமாக இருந்தது. பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார், "வீடு எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான்ப்பா இருக்கு. காத்தோட்டமா."

"நீ வரைஞ்சது தான?"

"இல்லப்பா," என்றேன்.

அவர் மடித்த செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டார். மறுநாள் காலையில் பாகலூர் ரோட்டில் ஒரு புது ஷெட்டுக்கு அளவெடுக்கப் போக வேண்டியிருந்தது. டேப்பை எடுத்துப் பையில் வைத்துவிட்டுப் படுத்தேன்.